முள் ஏறிய காலை

உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து படித்தவர்கள் யாராவது வந்தால் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். பஸ் நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு வழி கேட்டு, சுவரைப் படம் பிடித்துக்கொண்டு, ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் காலனிப் பக்கம் யாரும் வந்ததில்லை. அந்த ஓட்டுப் போட்டவர்களில் எங்கள் ஆட்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் எனக்கும் அந்தச் சுவரின்மேல் பெரிய பாசம் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு, எங்கள் தெருக் குழாயைப் பார்ப்பதற்கென்றே ஒரு பேராசிரியர் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்.

அப்போது நான் சென்னையை ஒட்டிய ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் கழனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். இன்ஜினியரிங் சேர்ந்த முதல் ஆள் நான், அதுவும் பெண் பிள்ளை என்பதால் தெருவுக்கே என்மேல் பாத்தியதை இருந்தது. லீவுக்கு வீட்டுக்குப் போனால் மிக்ஸி ஓடவில்லை, டி.வி.யில் படம் ஆடுகிறது என்று ஆள் வரும். நான் படிப்பது கட்டடம், ரோடு, தண்ணீர் என்று எத்தனை முறை சொன்னாலும், "எல்லாம் ஒரே படிப்புதானே பாப்பா" என்று மிக்ஸியை மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனாலும் எந்த மிக்ஸியையும் கழற்றிப் பார்க்காமல் திருப்பி அனுப்பியதில்லை.

அந்த வருடக் கோடை விடுமுறைக்கு முன்னால் துறை நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இளநிலை மாணவர்கள் விடுமுறையில் பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம். தலைப்பு நிலத்தடி உள்கட்டமைப்பு. முடிவில் சான்றிதழ் உண்டு. தரைக்கு அடியில் ரயில் ஓடும் சுரங்கம்தான் அது என்று நினைத்து என் வகுப்பில் பாதிப் பேர் விண்ணப்பித்தார்கள். நேர்முகத்தில் ஒவ்வொருவராகப் போய் லண்டன், ஜப்பான் என்று பேசிவிட்டு வந்தார்கள். நீ ஏன் இதில் சேர வேண்டும் என்று பேராசிரியர் என்னைக் கேட்டபோது என் வாயில் லண்டன் வரவில்லை. "எங்க வீட்டு எதிர்ல குழாய் இருக்கு சார். தரைக்கு அடியில பைப்பும் இருக்கு. தண்ணி மட்டும் ஏன் வர்றதில்லன்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொண்டார்.

அவர் நல்ல மனிதர். மாணவர்களை ஒரு சொல் கடிந்து பேசி யாரும் கேட்டதில்லை. என் பையில் டிபன் டப்பா இல்லாத நாளைக் கண்டுபிடித்து, தன் தயிர் சாதத்தில் பாதியை மூடியில் வைத்துத் தள்ளுவார். அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு மனசு ஆறும். அப்படி எழுத முடியாததுதான் இன்றுவரை என் கஷ்டம்.

முதல் சில வாரங்கள் ஆய்வகத்தில் போயின. பெரிய தொட்டி நிறைய மணல், அதற்குள் புதைத்த பைப், பைப்பில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை. மேலே இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், நீர் கசிகிற இடத்தில் மட்டும் ஒரு சன்னமான சீறல் கேட்கும். தோண்டாமலே அடியில் நடப்பதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். விடுதியில் என் அறைத் தோழி, வழியில் தென்படுகிற தண்ணீர்ப் பைப்பில் எல்லாம் நான் காது வைத்துப் பார்ப்பதாகச் சொல்லிக் கேலி செய்வாள். அது உண்மைதான்.

அதன் பிறகு களப்பணி. எங்கள் ஊரில் ஆற்றுப் படுகைக் கிணற்றிலிருந்து தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தரையடிப் பைப்பில் தெருத்தெருவாகப் போய், கடைசியாக எங்கள் காலனியில் முடியும். முடியும் என்றால், பைப் முடியும். தண்ணீர் அதற்கு முன்பே முடிந்துவிடும். தொட்டியிலிருந்து நேராக ஒரு புது லைன் இழுக்கத் தண்ணீர் ஆபீஸில் அனுமதி வந்திருந்தது. ஒரே ஒரு லைன். அதைக் காலனிக்குப் போடுவதா, ஊருக்கு மேற்கே புதிதாக மனை பிரித்த பகுதிக்குப் போடுவதா என்று அவர்களுக்குள் இழுபறி. கல்லூரியைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உன் ஊர்தானேம்மா. காலனிக் கடைசியில பிரஷர் இல்லன்னு அளந்து காட்டிட்டா, புது லைன் உங்க தெருவுக்குத்தான். நான் எழுதித் தர்றேன்" என்றார். அன்று மாலை முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் தெருக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது இடுப்பு உயரத்தில், சிமெண்ட் கட்டையில், எல்லா ஊரிலும் இருப்பதுபோலத்தான் இருந்தது. தண்ணீருக்கு அந்த உயரம் ஏறத் தெம்பில்லாமல் போனபோது யாரோ ஒருவர் பைப்பை முழங்கால் உயரத்துக்கு அறுத்தார். அப்புறம் தரை மட்டத்துக்கு. அப்புறம் வீட்டுக்கு வீடு வாசலில் தரையைத் தோண்டி, குழிக்குள் இறங்கி, அடியில் போகிற பைப்புக்கு அங்கேயே ஒரு வாய் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் குழி தாழ்ந்தால் தண்ணீர் அங்கே போய்விடும் என்பதால் இந்த வீட்டுக் குழி அதைவிடத் தாழும். குழியின் ஆழத்தைப் பார்த்து அந்த வீட்டுக்காரியின் வாய் நீளத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் தெருவிலேயே ஆழமான குழி எங்கள் அத்தையுடையது. அப்பாவுக்குச் சித்தப்பா மகள், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் குழிக்குள் இறங்கிக் குந்தினால் கொண்டை மட்டும்தான் வெளியே தெரியும். அங்கிருந்தே தெரு முழுவதும் கேட்கச் சண்டை போடுவாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் திறப்பார்கள். வந்ததும் எல்லாப் பெண்களும் குழிக்குள் இறங்கிவிடுவார்கள். ஒழுகுகிற நூலைச் சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றி, இரண்டு குடம் தேறினால் அது நல்ல நாள். தேறாதவர்கள் வயல்வெளிப் பம்பு செட்டுக்கு நடப்பார்கள். பம்பு செட்டுக்காரர் மனசு நல்லபடியாக இருக்கும் நாளில் பிடிக்க விடுவார். என் அம்மா நடவு வேலைக்குப் போவதற்கு முன் அந்த நடையையும் நடந்துவிட்டுத்தான் போவாள்.

அளக்கும் நாளுக்கு முந்தைய வாரம் நான் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னேன். பிரஷர் கேஜ் என்பது கடிகாரம் மாதிரி முகமும் ஒரே ஒரு முள்ளும் உள்ள சின்ன கருவி. அதைக் கடைசி வீட்டுக் குழாயில், அதாவது எங்கள் குழாயில், மாட்டுவோம். நீங்கள் எப்போதும்போலத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"முள்ளு எவ்ளோ ஏறினா உனக்குப் பாஸு?" என்று அத்தை கேட்டாள்.

"இது பரீட்சை இல்ல அத்தை. தண்ணி எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்கறது. இப்ப வர்ற மாதிரியே வந்தா போதும்."

"உங்க வாத்தியாரும் வந்து பாக்கறாரா?"

"அவருதான் அளக்கறாரு. நான் கூட இருந்து எழுதணும்."

"அவுரு உனக்கு மார்க்கு போடுவாரா இல்லியா?"

"போடுவாரு. அத வுடு."

அத்தை அதை விடவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கேஜின் மரை எங்கள் குழாய் மரைக்குப் பொருந்தவில்லை என்பது. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாயிடம் போய் நின்றேன். அவர் பெட்டியைக் கொட்டிக் கிளறி, ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமான ஓர் இணைப்பைத் தேடி எடுத்து, டேப்பும் சுற்றிக் கொடுத்தார். "காலனிக்குத் தண்ணி வருதுன்னா நல்லதுதாம்மா" என்றார். ஊரில் எல்லாருக்கும் விஷயம் பரவியிருந்தது.

அந்தக் காலை பேராசிரியரை பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்தேன். தெருமுனையில் இறங்கியதும் எனக்கே தெரு அடையாளம் தெரியவில்லை. கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பவுடர் பூசியிருந்தது. ஒவ்வொரு குழியின் விளிம்பும் மெழுகப்பட்டு, சுற்றிலும் கோலம். குழிக்குக் கோலம் போட்டு நான் அன்றுதான் பார்த்தேன். பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. பேராசிரியர் நெகிழ்ந்துபோய், "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க" என்று ஒவ்வொரு குழியையும் படம் எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு அமைதி ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. வந்தவரைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குழிக்குள் நானே இறங்கிக் கேஜை மாட்டினேன். தொட்டியில் வால்வு திறக்கும் நேரம் வந்தது. பைப்புக்குள் காற்று புடைத்து வெளியேறும் சத்தம், பிறகு தண்ணீரின் சத்தம். முள் அசைந்தது. அசைந்து அங்கேயே நின்றுவிடும் என்று பார்த்தால் ஏறியது. நிற்காமல் ஏறியது. வரும் வழியில் ஊர் நடுவில், தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கிப் பேராசிரியர் ஒரு முறை அளந்திருந்தார். கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்து நின்றது.

பின்னாலிருந்து கைதட்டினார்கள். தெருவே தட்டியது. அத்தை இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்தாள்.

எனக்கு முதலில் வந்தது பயம். இருபது வருடமாக நூல் மாதிரி ஒழுகிய குழாய் இது. குழியிலிருந்து ஏறி, பக்கத்து வீட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். பைப் வாயில் துணி சுற்றிய கட்டை ஒன்றை அடித்து இறுக்கியிருந்தார்கள். அடுத்த குழியிலும் கட்டை. அதற்கடுத்ததிலும். தெரு முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் பிடிக்கவில்லை. யாரும் கை வைக்காத சோற்றுத் தட்டு நிறைந்துதான் தெரியும். பைப்பிலும் அதுதான் நடந்திருந்தது. ஒருவரும் எடுக்காததால் உள்ளே தண்ணீர் நின்று முட்டி, முள்ளை மேலே தள்ளியிருக்கிறது.

"ஏன் அத்தை அடைச்சீங்க?"

"பின்ன இன்னா பாப்பா. பெரிய மனுசன் வந்துகீறாரு. அவரு முன்னாடி நம்ம பைப்புல தண்ணி வர்லன்னா உனுக்கு இன்னா மரியாத? எல்லாரும் பேசி வச்சிக்கினு முந்தாநாளே ரெண்டு கொடம் எடுத்து வச்சிட்டோம். இன்னிக்கு ஒரு நாளு தண்ணி இல்லன்னா செத்தா பூடுவோம்?"

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் தெருவில் நாலு வீட்டு நாற்காலி ஒரு வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் கிழியாத சட்டை கைமாறும். வந்தவர் முன்னால் இல்லாமையைக் காட்டக் கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இல்லை என்று காட்டினால்தான் கிடைக்கும் என்கிற இந்த ஒரு காலைக்காக, அதை அவர்கள் எப்படி மாற்றிக்கொள்வார்கள்? நான் எப்போதும்போலப் பிடியுங்கள் என்று சொன்னதை, சபை நாகரிகத்துக்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டைய எடுங்க, எல்லாரும் தண்ணி புடிங்க" என்று தெருவில் ஓடினேன். இறுக்கி அடித்த கட்டை லேசில் வரவில்லை. அம்மா கடப்பாரையோடு ஓடி வந்தாள். நாலைந்து குழியில் எடுப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அன்று கரண்ட் தொல்லையால் தொட்டி நிறையவில்லை என்று சீக்கிரமே வால்வை மூடிவிட்டார்களாம். முள் இறங்கிப் பூஜ்ஜியத்தில் உட்கார்ந்தது. நேரம் முடிந்ததால் இறங்கியது என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அத்தையும் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமாங்க சார், நாங்கதான் அடைச்சோம். புள்ள மேல தப்பு இல்லீங்க" என்றாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க எல்லாரும் ஒண்ணா நிறுத்தினப்போ லைன்ல நல்ல பிரஷர் இருந்தது. அப்போ தண்ணி இங்க வரைக்கும் வருது. ஆளுக்கு ஒரு குழி தோண்டி ஒரே நேரத்துல இழுக்கறதுனாலதான் யாருக்கும் கிடைக்காம போகுது. குழியை மூடிட்டு, முறை வச்சுப் பிடிச்சா எல்லாருக்கும் கிடைக்கும்" என்று அத்தையிடம் சொன்னார்.

"அப்பிடீங்களா" என்றாள் அத்தை. பெரிய மனிதர் தன்னைப் பார்த்து அத்தனை வார்த்தை பேசியதில் அவளுக்குச் சந்தோஷம்.

"சார், எடுக்காம இருந்தா எந்தப் பைப்லயும் முள் ஏறும். எடுக்கும்போது அளக்கணும். இன்னொரு நாள் வந்து அளக்கலாம் சார்" என்றேன்.

"கேஜ் நாளைக்கு அடுத்த ஊருக்குப் போகுதும்மா. இந்த வாரத்தோட எல்லா அளவும் முடியணும். அளந்ததை அளந்தபடி எழுதறதுதான் ஆராய்ச்சி. உன் தெருங்கறதால உனக்கு இது கஷ்டமா இருக்கு. அது எனக்குப் புரியுது" என்று என் தோளைத் தட்டினார்.

வேறு யாராவது சென்னைப் பையன் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது நியாயமான ஐயம், அவர் குறித்துக்கொண்டிருப்பார். நான் சொன்னால் அது தெருப்பாசம். பைப் எங்கே போகிறது, யார் எப்போது இறங்குகிறார்கள், எவ்வளவு ஒழுகும் என்று அந்தத் தெருவில் பிறந்ததால் எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்ததாலேயே என் வார்த்தை செல்லவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மறுபடி பாயிடம் போனேன். பஞ்சர் கடைக்காக வாங்கி வைத்திருந்த ஒரு பிரஷர் கேஜ் அவரிடம் இருந்தது. "எடுத்துக்கினு போம்மா, வேல முடிஞ்சா கொண்டாந்து குடு" என்றார். அடுத்த தண்ணீர் நாளில், எல்லாரும் வழக்கம்போலக் குழியில் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்க, எங்கள் குழாயில் அதை மாட்டினேன். முள் நடுங்கியதோடு சரி. அதற்கடுத்த தண்ணீர் நாளிலும் அப்படியே. எழுதி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்ப் பேராசிரியர் மேசைமேல் வைத்தேன்.

அவர் படித்துப் பார்த்தார். கேஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது சரியான அளவு காட்டுகிறது என்பதற்குப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். பஞ்சர் கடைக் கேஜுக்குச் சான்று எங்கே இருக்கும்? "உன் உழைப்பைக் குறை சொல்லலைம்மா. ஆனா இதை நான் உள்ளே சேர்த்தா, மத்த ஊர் அளவையும் கேள்வி கேப்பாங்க" என்றார். மதியம் ஆகியிருந்தது. தயிர் சாதத்தைப் பிரித்து மூடியில் பாதியை வைத்து என் பக்கம் தள்ளினார். பசித்தது, சாப்பிட்டேன். சாப்பிட்டதற்காகவும் என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

விடுமுறை முடிவில் எல்லா மாணவர்களும் தங்கள் ஆராய்ச்சியை மேடையில் சொல்ல வேண்டும். உன் ஊர், நீயே சொல் என்றார் பேராசிரியர். கோலம் போட்ட குழிகளின் படம் திரையில் வந்தபோது அரங்கில் ஒரு ரசிப்புச் சிரிப்பு எழுந்தது. முள் ஏறிய கேஜின் படமும் வந்தது. எழுதிக் கொடுத்ததைப் படித்து முடித்த பிறகு, "இந்த அளவு எடுத்தபோது தெருவில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. என் படிப்புக்காக எல்லாரும் குழாயை அடைத்து வைத்திருந்தார்கள்" என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். நடுவர்களில் ஒருவர், "அதற்குத் தரவு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. பேராசிரியர் மேசையில், சேர்க்கப்படாமல். "அறிக்கையில் இல்லை" என்றேன். சரி, உட்காருங்கள் என்றார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டு மாட்டினாள். தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். நான் ஒவ்வொருத்தியிடமும், நம்ம தெருவுக்குப் புது லைன் வராது, மேற்கே மனைப் பகுதிக்குப் போகப்போகிறது, அன்று அடைத்ததால்தான் என்று கோபத்தோடு சொன்னேன். நம்ப மாட்டோம் என்றார்கள். "கொயிய மூடினா தண்ணி வரும்னு உங்க சாரே சொன்னாரே" என்றாள் அத்தை. நான் சொல்வதைவிட அவர் சொன்னது பெரிது; அவரைக் கூட்டி வந்ததால்தான் நானும் பெரிய ஆள். இதில் எந்தக் கயிற்றைப் பிடித்து இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். டிராக்டரில் ஜல்லி, மணல், சிமெண்ட் வந்து தெருமுனையில் இறங்கியது. கூடவே கொத்தனாரும் ஆட்களும், தண்ணீர் ஆபீஸ்காரர் ஒருவரும். குழிகளை மூடிக் குழாயைப் பழையபடி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கப் போகிறார்கள். கல்லூரி அறிக்கையில் அப்படித்தான் பரிந்துரை என்றார் ஆபீஸ்காரர்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. எங்கள் தெருப் பெண்களை எனக்குத் தெரியும். பஸ் காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போனதற்கு ரோட்டில் படுத்தவர்கள். கரண்ட் கம்பம் நடுகிற இடத்துக்காக லாரியை மறித்து வைத்திருந்தவர்கள். அத்தை ஒருத்தி போதும், டிராக்டர் வந்த வழியே திரும்பிவிடும். என்னால் முடியாததை இவர்கள் வாயால் செய்துவிடுவார்கள் என்று வாசலில் வந்து நின்றேன்.

கொத்தனார் முதல் குழிக்கு முன்னால் தயங்கி நின்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "இன்னாம்மா, கொட்டலாமா?" என்றார்.

அத்தை தன் குழியிலிருந்து குடத்தையும் சொம்பையும் எடுத்து மேலே வைத்தாள். கைகொடுக்கச் சொல்லி ஏறி வந்தாள்.

"கொட்டு நைனா. எங்க பொண்ணு எயுதின ரிப்போட்டுதான்."

நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். "அத்தை, இத மூடினா சுத்தமா தண்ணி வராது. அந்த ஒசரத்துக்கு ஏறாது. நான்தானே சொல்றேன். போய்ச் சண்ட போடு."

"சும்மா இரு பாப்பா" என்றாள் அத்தை, ஆபீஸ்காரருக்குக் கேட்காத குரலில். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நாங்க கத்தினா நீ எயுதினது தப்புன்னு ஆயிடும். ஒரு படிப்பு படிச்சிகீற. உன் பேரு கெட்டுடக் கூடாது."

"என் பேரு கெட்டா கெடட்டும்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளி நில்லு."

முதல் குழியில் ஜல்லி விழுந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் குழி வரும்போது சாமானை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். ஆபீஸ்காரர், இவ்வளவு ஒத்துழைப்பான தெருவைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கொத்தனாருக்கும் அவர்களுக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். எங்கள் குழிக்கு வந்தபோது, ஆட்கள் நிற்க வசதியாக அம்மா வாசலில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அன்று அந்தத் தெருவில் கத்திக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.